லென்சுக்கு இமை கிடையாது

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "மகளுக்கு வயது 17, ஆட்டிசம். பள்ளி மேடையில் கணீரென்று அறிவிப்பாள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முகத்தை ஏறிட்டுப் பார்க்க மாட்டாள். டிவி அறிவிப்பாளர் ஆகியே தீருவேன் என்கிறாள். முடியுமா? கூட வேலை செய்பவர்களும் பார்க்கிறவர்களும் அவளை எப்படி நடத்துவார்கள்?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: முடியும். பிரிட்டனில் கிறிஸ் பேக்கம் 1986-இலிருந்து பிபிசி திரையில் இயற்கை பற்றிப் பேசி வருகிறார். அவருக்கு ஆட்டிசம் இருப்பது நாற்பது வயதுக்கு மேல்தான் உறுதியானது. 2017-இல் அதைப் பற்றி ஓர் ஆவணப்படமே செய்தார். இரண்டாவது கேள்விதான் அறிவியலுக்குத் தீனி.

ஆட்டிசம் நோயல்ல, வளர்ச்சியிலேயே மூளை வேறு விதமாக அமைவது. ஒலி, ஒளி, தொடுகை எல்லாம் சிலருக்குக் கூடுதலாகவும் சிலருக்குக் குறைவாகவும் உறைக்கும். பேச்சில் ஏற்ற இறக்கம், பார்வை, முகபாவம் ஆகியவற்றின் தாளம் மாறியிருக்கும். ஆளுக்கு ஆள் வேறுபடும். இதெல்லாம் தெரிந்ததுதான்.

விருந்தாளியைப் பார்க்காத பெண் கேமராவை மட்டும் எப்படிப் பார்ப்பாள்? அறிவிப்பாளர் வாசிக்க வேண்டியதைக் காட்டும் டெலிப்ராம்ப்டரைக் கவனித்தால் புரியும். கேமராவுக்கு முன்னால் 45 பாகை சாய்வில் ஒரு கண்ணாடி. அதன் கீழே மல்லாந்து கிடக்கும் திரையில் எழுத்துகள் இடவலம் மாறி ஓடும். கண்ணாடி அவற்றை நேராக்கி வாசிப்பவருக்குக் காட்டும். வழக்கமான கண்ணாடி 70 விழுக்காட்டு ஒளியைப் பின்னால் இருக்கும் லென்சுக்கு விட்டுவிட்டு 30 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். வாசிப்பவர் எழுத்தைப் பார்க்கிறார்; நமக்கோ நம் கண்ணையே பார்ப்பதுபோல் இருக்கிறது. லென்சு புருவம் உயர்த்தாது, இடைமறிக்காது, பதிலுக்குச் சிரிக்கச் சொல்லாது. மனிதக் கண்ணின் சுமை எதுவும் அதற்கு இல்லை.

சிக்கல் லென்சில் இல்லை, மனிதர்களிடம்தான் தொடங்குகிறது. ஏன் என்பதற்கு 2017-இல் டல்லாஸ் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் நோவா சாசன் குழு வெளியிட்ட ஒரு சோதனை விடை தருகிறது. இது எனக்கு மிகப் பிடித்த சோதனை. ஆட்டிசம் உள்ள 20 பேர், இல்லாத 20 பேர். ரியாலிட்டி போட்டி நிகழ்ச்சிக்குத் தேர்வு நடப்பதாக வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் தங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதிலிருந்து சில வினாடித் துண்டுகளை வெட்டி, யாருக்கு ஆட்டிசம் என்று அறியாத மாணவர்களிடம் ஐந்து வடிவங்களில் கொடுத்தார்கள்: ஒலியும் படமும், வெறும் படம், வெறும் ஒலி, அசையாத ஒரு நிழற்படம், பேசியதன் எழுத்து வடிவம்.

பக்கத்தில் உட்கார, பேச்சுக் கொடுக்க, அண்டை வீட்டில் குடியிருக்க ஒப்புக்கொள்வீர்களா என்று கேட்டால், ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் குறைவான மதிப்பெண்ணே கிடைத்தது. எழுத்து வடிவத்தில் மட்டும் அந்த வேறுபாடு காணாமல் போனது!

ஆக, பேசிய விஷயத்தில் குறையே இல்லை. நம் மூளை எதிரில் இருப்பவரின் குரல் எங்கே ஏறும், பார்வை எப்போது திரும்பும் என்று முன்கூட்டியே ஊகித்துக்கொண்டே இருக்கிறது. தாளம் அரை மாத்திரை பிசகினால், சொல்லின் பொருள் உள்ளே போவதற்கு முன்பே "ஏதோ சரியில்லை" என்று முத்திரை குத்திவிடுகிறது. கூடுதல் நேரம் பார்க்கவிட்டாலும் அந்த முத்திரை எளிதில் அழியவில்லை என்பதுதான் உறுத்தல். சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-லேயே இதை இருவழிக் கோளாறு என்றார்: அவர்கள் நம்மைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறார்கள், நாமும் அவர்களை அப்படியே. குறை மட்டும் ஒரு பக்கத்தின் கணக்கில் எழுதப்படுகிறது.

ஆர்டிஎம்மின் அங்காசாபுரியோ ஆஸ்ட்ரோவின் புக்கிட் ஜாலிலோ, ஸ்டூடியோவுக்குள் இது எப்படித் தெரியும்? காதில் மாட்டும் இயர்பீஸை எடுத்துக்கொள்வோம். கட்டுப்பாட்டு அறையின் குரலை அதற்குக் கொண்டுவரும் இணைப்புதான் டாக்பேக். 'திறந்த' டாக்பேக் என்றால் கட்டுப்பாட்டு அறையில் பேசுவதெல்லாம் காதில் விழும்: "கேமரா 2, நெருங்கு", "ஒலி ஏற்று", "இன்னும் 30", நடுவே யாரோ தே தாரிக் கேட்பது. மற்றொரு வகையில் இயக்குநர் பொத்தானை அழுத்தினால் மட்டுமே குரல் வரும். வேண்டாத குரலைப் பின்னுக்குத் தள்ளும் வேலையைப் பலருடைய மூளை தானாகச் செய்துவிடும். ஆட்டிசம் உள்ள பலருக்கு எல்லாக் குரலும் ஒரே உயரத்தில் நிற்கும். வாய் ஒன்றைச் சொல்ல, காது நான்கைக் கேட்க, சொல் தடுக்கும். அதற்காக இரண்டாவது வகையை அவர் தலையில் கட்டிவிடவும் கூடாது. அடுத்து என்ன என்று தெரியாத பதற்றத்தைவிட, எல்லாம் கேட்பதே நிம்மதி என்பவரும் உண்டு. அவரிடமே கேட்க வேண்டும்.

கட்டளையின் சொல்லும் முக்கியம். "கொஞ்சம் சீக்கிரம் முடிங்க" என்றால் எவ்வளவு சீக்கிரம்? "20 வினாடி, பிறகு விளம்பரம்" என்றால் துல்லியமாக முடிப்பார். நிகழ்ச்சி வரிசை கடைசி நிமிடத்தில் மாறினால் "3 போச்சு, 5 வருது" என்று எண்ணோடு சொன்னால் போதும். சட்டைக்குள் மைக் கம்பியை ஒட்டும் டேப்பும் ஒப்பனைத் தூரிகையும் தோலில் எரிச்சலாக இருக்கலாம். தொடுவதற்கு முன் சொன்னால் பாதிச் சங்கடம் தீரும்.

இதையெல்லாம் சொல்லாமல் பல்லைக் கடித்துச் சமாளிப்பவர்களே அதிகம். பார்வையை எண்ணி எண்ணித் திருப்புவது, சிரிப்பை ஒத்திகை பார்ப்பது, பிறர் கையசைவை நகலெடுப்பது. ஆய்வாளர்கள் இதை முகமூடியிடல் என்கிறார்கள். 2019-இல் இதை அளக்க 25 கேள்விகள் கொண்ட அளவுகோலே வந்துவிட்டது. படப்பிடிப்பு முடிந்ததும் சாப்பாட்டு மேசைக்கு வராமல் காரில் தனியாக உட்கார்ந்திருப்பவர் வற்றிப்போயிருக்கிறார். மேசையில் இருப்பவர்கள் அதற்கு வைக்கும் பெயர் தலைக்கனம்.

சொல்லிவிட்டால் மாறுமா? அதே சாசன் 2019-இல் பார்த்தார். பேசுபவருக்கு ஆட்டிசம் என்று முன்பே சொல்லிவிட்டுக் காட்டியபோது மதிப்பெண் உயர்ந்தது. ஆட்டிசம் பற்றி நன்றாக அறிந்தவர்கள் இன்னும் தாராளமாகப் போட்டார்கள். பிரிட்டிஷ் டிவியின் 'தி சேஸ்' வினாடி வினாவில் கண்டிப்பான ஆளாக வரும் ஆன் ஹெகர்ட்டி 2018-இல் லட்சக்கணக்கானோர் பார்க்கும் நிகழ்ச்சியில் தன் ஆட்டிசத்தைப் பற்றிப் பேசியபோது, பார்வையாளர்கள் பலர் அவர் பக்கம் நின்றார்கள். ஆனால் "பார்த்தா அப்படித் தெரியலையே" என்பதும் கூடவே வரும். பாராட்டாக நினைத்துச் சொல்வார்கள். கேட்பவருக்கோ தன்னை நம்பவில்லை என்று படும்.

நம் வீடுகளில் இன்னொரு கூத்து. பெரியவர்களைக் கண்ணுக்கு நேர் பார்க்காதே என்று வளர்த்துவிட்டு, கண்ணைப் பார்க்காதவன் எதையோ மறைக்கிறான் என்கிறோம். அதற்குத் தோஷம் கழிக்கச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பேச்சுப் பயிற்சியாளரைப் பார்த்துவிடலாம். ஆய்வு நிதியும் இப்படித்தான்: அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரும்பங்கு மரபணுவுக்கும் உயிரியலுக்கும் போகிறது, வேலைக்குப் போகும் பெரியவர்களுக்குக் கொசுறுதான்.

மலேசியாவில் 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வேலைவாய்ப்பு உரிமையைச் சொல்கிறது. மீறினால் தண்டனை என்று ஒரு வரிகூட இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்குத் தரப்படும் ஓகேயூ அட்டையில் ஆட்டிசம் 'கற்றல் குறைபாடு' பிரிவில் வரும். நிகழ்ச்சி வரிசை முழுவதையும் மனப்பாடமாகச் சொல்லும் பெண்ணின் கையிலும் அதே அட்டைதான்.

அம்மா, மகள் குரல் தேர்வுக்குப் போகும்போது மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: வாசிக்கப் போகும் பகுதி முந்தைய நாளே கையில்; விளக்கு எரியும் ஸ்டூடியோவில் பத்து நிமிடம் சும்மா நிற்க அனுமதி; எந்த டாக்பேக், என்ன ஒலி அளவு என்ற தேர்வு. நேர்முகத்தில் கண்ணைப் பார்க்கச் சொன்னால், எதிரில் இருப்பவரின் மூக்குத்தண்டைப் பார்த்தால் போதும். ஒன்றிரண்டு மீட்டருக்கு அப்பாலிருந்து யாருக்கும் வித்தியாசம் தெரியாது.