மம்பிள்கோர் என்றால் முணுமுணுப்பா?

சொற்பச் செலவில் எடுத்த நகைச்சுவைப் படம், அதில் பேசத் தெரியாமல் தவிக்கும் இரண்டு பேர். இவ்வளவு போதும், தமிழில் எழுதுகிறவர்கள் 'முணுமுணுப்புச் சினிமா' என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போய் 'முணுமுணுப்பு மையம்' என்றே எழுதியிருந்தார்.

இவ்வகைப் படங்களுக்கு ஆங்கிலத்தில் உள்ள மூலச் சொல் மம்பிள்கோர். 2005-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த சவுத் பை சவுத்வெஸ்ட் என்ற திரைப்பட, இசை விழாவின்போது, ஒலித் தொகுப்பாளர் எரிக் மசுனாகா வேடிக்கையாகச் சொன்னது. அவரோடு பணியாற்றிய இயக்குநர் ஆண்ட்ரூ புஜால்ஸ்கி அதை ஒரு பேட்டியில் சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. 'மம்பிள்' என்றால் வாய்க்குள்ளேயே பேசுவது. 'கோர்' என்பது ஹார்ட்கோர் என்ற இசைவகைப் பெயரிலிருந்து கழன்று வந்த வால். அதில் போய் மையத்தைத் தேடியவர் அகராதியில் 'கோர்' என்பதற்கு முதல் பொருளைப் பார்த்ததும் மூடிவைத்துவிட்டார்.

முணுமுணுப்புக்கு வருவோம். தமிழில் யார் முணுமுணுப்பார்கள்? குறை உள்ளவர்கள். சம்பளம் உயராத ஊழியர் முணுமுணுப்பார். பதவி கிடைக்காதவர் முணுமுணுப்பார். மந்திரத்தையும் பாட்டையும்கூட முணுமுணுப்பதுண்டு. எல்லாவற்றிலும் சொல்ல வேண்டியது என்னவென்று சொல்பவருக்குத் தெரியும். அது அடுத்தவர் காதில் விழ வேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை. இந்தப் படங்களில் நிலைமை நேர் எதிர். விருந்து முடிந்து எல்லோரும் போன பிறகும் ஒருவன் வாசலில் நிற்கிறான். "சரி, அப்படியென்றால்..." என்கிறான். "ம்... நீ... இல்லை, ஒன்றுமில்லை" என்கிறாள் அவள். அவன் சட்டை ஜிப்பை ஏற்றுகிறான், இறக்குகிறான். இருவருக்கும் யார்மீதும் குறை கிடையாது. இன்னும் பத்து நிமிடம் சேர்ந்திருக்க ஆசை, கேட்க வாய் வரவில்லை. நமக்குச் சிரிப்பு வருவதும் அவர்கள் தனிமை தெரிவதும் அந்த இடத்தில்தான். இதற்குத் தமிழில் என்றைக்கோ பெயர் வைத்தாகிவிட்டது: மென்று விழுங்குதல்.

அதை அப்படியே வைத்தால் சாப்பாட்டுப் படம் என்று நினைத்துவிடுவார்கள் என்பதால் 'தயங்குமொழிப் படம்' என்பேன். வினைத்தொகை; நேற்றுத் தயங்கியதும் நாளை தயங்கப்போவதும் அதில் அடங்கும். 'குழறல் படம்' என்றும் சிலர் சொல்கிறார்கள். குழறுவது நாக்கின் கோளாறு, குடித்தவனுக்குப் பொருந்தும். இவர்கள் நாக்கு நன்றாகவே இருக்கிறது.

'இண்டிபெண்டன்ட்' என்பதன் சுருக்கமான 'இண்டி'யைச் 'சுதந்திரப் படம்' ஆக்கியவர்களும் இதே கூட்டம்தான். விடுதலைப் போராட்டக் கதை என்று நம்பி உட்காருகிறவர் என்ன பாவம் செய்தார்? பெரிய ஸ்டூடியோவின் பணத்தை நம்பாமல் எடுத்தது என்பதுதானே பொருள்? 'தற்சார்புப் படம்' என்று எழுத யார் தடுத்தார்கள்?