படம் ஏறிவிட்டதா என்று பார்த்தீர்களா?

திருகோணமலையில் நெடுங்காலமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கலியாணம், சாமத்தியவீடு என்று எவ்வளவோ வேலை வந்தாலும், காலமானவரின் அந்தியேட்டிக்குப் படம் பெருப்பிக்க வருபவர்களைத்தான் மறக்க முடிவதில்லை.

போன வருடம் ஒரு தங்கச்சி வந்தார். அப்பாவின் படம் 12க்கு 18 அங்குலத்தில் வேண்டும். போன் நிலாவெளிக் கடலில் விழுந்து பழுதாகிவிட்டது. "பயமில்லை அண்ணா, எல்லாப் படமும் ஒன்லைனில தானாவே ஏறும்" என்றார்.

என் கணினியில் அவருடைய கணக்கைத் திறந்தோம். படங்கள் தைப்பொங்கலோடு நின்றுவிட்டன. அப்பா கோணேசர் கோயில் வாசலில் பட்டு வேட்டியோடு நின்ற, அவர் கேட்ட படம் அதற்குப் பிறகு எடுத்தது. இலவச இடம் தை மாதமே நிரம்பிவிட்டது. அதைச் சொன்ன மின்னஞ்சல் திறக்கப்படாமல் கிடந்தது. போன் படம் எடுத்துக்கொண்டே இருந்தது, மேலே ஒன்றும் ஏறவில்லை.

கடைசியில் மச்சாளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி கிடைத்தது. அதன் நீளப் பக்கம் 1600 பிக்சல். 12க்கு 18ஐ 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியாக, அச்சிட 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். அதுவும் ஏழு பேர் நின்ற படம். அப்பாவின் முகத்தை மட்டும் பெருப்பித்தபோது கண்கள் இரண்டும் கறுப்புச் சதுரங்களாகத் தெரிந்தன. மணிபர்ஸில் வைக்கும் அளவுக்கு மேல் என்னால் கொடுக்க முடியவில்லை. அந்தப் பிள்ளை அதையே வாங்கிக்கொண்டு போனார்.

இலவசக் கணக்கின் நிபந்தனை இன்று இருப்பதுபோல நாளை இருக்காது. படங்களைச் சேமித்துவைக்கும் பிளிக்கர் தளம் 2013இல் 1 டெராபைட் இடத்தை இலவசமாகத் தந்தது. 2018இல் நிறுவனம் கைமாறியது. அதே வருடம் இலவசக் கணக்குக்கு 1000 படம்தான் என்று அறிவித்து, மிஞ்சியவற்றைப் பழையதிலிருந்து அழிப்போம் என்றது. பழையதிலிருந்து! நாங்கள் தேடி வருவதே பழைய படங்களைத்தானே. கூகுள் போட்டோஸ் 2015இல் தொடங்கியபோது, கொஞ்சம் சுருக்கிய படங்களுக்கு எல்லையே இல்லை. 2021 ஜூன் 1இலிருந்து அந்தச் சலுகை போய்விட்டது. இப்போது ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் படங்களுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். என் கமராவில் ஒரு படம் ஏறத்தாழ 10 எம்பி. 1500 படம் எடுத்த ஒரே கலியாணம் அவ்வளவையும் நிரப்பிவிடும். 2 வருடம் தொடாமல் விட்ட கணக்கைக் கூகுள் அழிக்கவும் கூடும். காலமானவரின் கணக்கில் படம் இருந்தால் இப்போதே இறக்கிவிடுங்கள்.

ஒன்லைன் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு, உப்புத்தண்ணீரில் ஊறிப் பக்கங்கள் ஒட்டிப்போன அல்பங்களைக் கொண்டுவந்து பிரிக்கச் சொன்னார்கள். பிரித்தால் முகம் மறுபக்கத்தோடு உரிந்து வந்தது. கடலிலிருந்து தள்ளி ஒரு பிரதி இருக்கத்தான் வேண்டும். ஆனால் அது இரண்டாவது பிரதியாக இருக்கட்டும். முழு அளவுப் படம் முதலில் ஹார்ட் டிஸ்கில் ஏறட்டும். முடிந்தால் இன்னொரு டிஸ்க் வேறு வீட்டில், அக்காவீட்டிலோ மாமிவீட்டிலோ, இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள், படம் சுருங்காது.

சரி, இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கணக்கை வேறொரு கணினியில் திறந்து, கடைசியாக ஏறிய படத்தின் திகதியைப் பாருங்கள்.