விறகு குறையவில்லை, சதவீதம்தான் குறைந்தது

நாடுகளின் எரிசக்திக் கணக்கு அட்டவணையை எடுத்தால் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, அணு, நீர், காற்று என்று வரிசையாகப் போய் ஓரிடத்தில் 'உயிரி எரிபொருளும் கழிவும்' என்று ஒரு பத்தி வரும். பெயரைக் கேட்டால் ஏதோ பளபளப்பான தொழிற்சாலை ஞாபகத்துக்கு வரும். இந்தியாவைப் பொறுத்தவரை அந்தப் பத்தியின் பெரும்பகுதி விறகும் வறட்டியும் பயிர்த்தாளும்தான். நம்ம கன்னியாகுமரி மாவட்டக் கணக்கில் சொன்னால் சிரட்டை, கதம்பை, கொதும்பு, காய்ந்த ஓலை, மட்டை, வெட்டின ரப்பர் மரத்தின் கிளைகள், முந்திரி ஆலையான அண்டியாபீசில் எரிக்கிற அண்டித்தோடு. சர்க்கரை ஆலையின் கரும்புச் சக்கை, சாண எரிவாயு, பெட்ரோலில் கலக்கும் எத்தனால், குப்பையை எரித்து எடுக்கும் மின்சாரம் எல்லாமே இதே பத்திக்குள் அடக்கம்.

சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 1990-ல் இந்தியாவின் மொத்த எரிசக்தியில் இந்தப் பத்தியின் பங்கு 40 சதவீதத்துக்கும் மேல். 2010-களின் கடைசியில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. வரைபடத்தில் பார்த்தால் நாடே விறகடுப்பை விட்டு எழுந்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் சதவீதத்தை விட்டுவிட்டு அளவைப் பாருங்கள்: 1990-ல் சுமார் 13 கோடி டன் எண்ணெய்க்குச் சமமாக இருந்தது, 2010-களின் கடைசியில் 18 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் டீசலும் பெட்ரோலும் அதைவிட வேகமாக ஏறியதால்தான் பங்கு சுருங்கியது. மக்கள்தொகையும் கூடியது என்பது உண்மை, தலைக்கு வகுத்தால் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது, ஆனால் அந்தச் சரிவுக்கோடு காட்டுகிற அளவுக்கெல்லாம் இல்லை.

சரி, விறகை எப்படி எண்ணெய் டன்னில் சொல்கிறார்கள்? ஒரு டன் எண்ணெய் தரும் வெப்பம் 41.87 கிகாஜூல், அதாவது 41,870 மெகாஜூல் என்று வைத்துக்கொள்கிறார்கள் (ஜூல் என்பது வெப்பத்தை அளக்கும் அலகு). நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல் தரும், ஆகவே ஏறத்தாழ 2.8 டன் விறகு ஒரு டன் எண்ணெய்க்குச் சமம். இதில் 'நன்றாகக் காய்ந்த' என்பது முக்கியம். பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீர்தான், அடுப்பில் போட்டால் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பு கொஞ்சம் செலவழிந்து, கிலோவுக்கு 8 மெகாஜூல் கிடைத்தாலே பெரிது. ஆனி, ஆடியில் சாரலும் ஐப்பசி, கார்த்திகையில் மழையும் விடாத நம்ம பக்கத்தில் மழைக்கு முன்னாலேயே விறகை ஏன் அடுக்கி வைக்கிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

எத்தனை கிலோ எரிந்தது என்பதுதான் பெரிய தலைவலி. பெட்ரோல் பங்கில் மீட்டர் இருக்கிறது, சிலிண்டருக்குப் பில் இருக்கிறது, தோப்பில் விழுந்த மட்டையை இழுத்து வந்து எரித்ததற்கு என்ன பில்? அதனால் தேசிய மாதிரி ஆய்வில் வீடுவீடாகப் போய் கடந்த 30 நாளில் எவ்வளவு விறகு எரித்தீர்கள் என்று கேட்டு, அதை நாட்டுக்கே பெருக்குகிறார்கள். ஆய்வு நடக்காத ஆண்டுகளுக்குப் பெரும்பாலும் மதிப்பீடுதான். வரைபடத்தில் விறகின் கோடு வழவழவென்று போவதும் எண்ணெயின் கோடு குதித்துக் குதித்துப் போவதும் இதனால்தான் என்பேன். திட்டக் குழு காலத்து ஆவணங்களில் விறகை 'வணிகம் சாராத எரிசக்தி' என்று தனியாக ஒதுக்கிவிடுவார்கள், அந்தக் கணக்கை எடுத்தால் சதவீதங்கள் எல்லாமே வேறாக இருக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. இந்தப் பத்தி அடுப்புக்குள் போனதைத்தான் அளக்கிறது, பானைக்குள் போனதை அல்ல. மூன்று கல் வைத்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் பானைக்குப் போகும், மிச்சம் சுவருக்கும் கூரைக்கும் ஊதிக்கொண்டிருப்பவரின் முகத்துக்கும். கேஸ் அடுப்பில் சுமார் 60 சதவீதம் போகும். 14.2 கிலோ சிலிண்டரில் இருப்பது சுமார் 650 மெகாஜூல், அதில் 390 பானைக்கு வரும். அதே 390-ஐ விறகில் எடுக்க 200 கிலோவுக்கும் மேல் எரிக்க வேண்டும், அதாவது 3,200 மெகாஜூலுக்கும் மேல். அதே சோறு, அதே குழம்பு, ஆனால் விறகில் வைத்தால் நாட்டின் கணக்கில் ஐந்து மடங்கு எரிசக்தி! தமிழ்நாட்டில் 2006-க்குப் பிறகு வந்த இலவச கேஸ் அடுப்பும், 2016-ல் மத்திய அரசு தொடங்கிய உஜ்வலா திட்டமும் இந்தப் பத்தியை இன்னும் வேகமாக இறக்கியிருக்க வேண்டும். இறக்காததற்குக் காரணம், கேஸ் வந்த வீட்டிலும் குளிக்க வெந்நீர் போடவும் நெல் அவிக்கவும் புறவாசலில் விறகடுப்பு அப்படியே இருக்கிறது. விறகு சும்மா கிடைக்கிறது, சிலிண்டருக்குக் காசு வேண்டும், அவ்வளவுதான்.

கருப்பட்டியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அக்கானியில், அதாவது பதநீரில், 100-க்கு 10 முதல் 13 பங்குதான் சர்க்கரை. ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு லிட்டர் வரை தண்ணீரை வற்ற வைக்க வேண்டும், லிட்டருக்குச் சுமார் 2.6 மெகாஜூல் என்றால் 20 மெகாஜூல். அடுப்பு 15 சதவீதம் பிடிக்கும் என்று தாராளமாக வைத்தாலும் 130 மெகாஜூலுக்கு மேல், ஒன்பது கிலோ விறகு! கருப்பட்டி விலை கூடிப்போச்சு என்பவர்கள் பனையேற்றத்தோடு இந்த விறகையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கலாம்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் முப்பந்தலில் சுற்றுகிற காற்றாலையின் மின்சாரத்தை எண்ணும் முறை வேறு. அங்கே ஒரு யூனிட் என்றால் வெறும் 3.6 மெகாஜூல், காற்றில் எவ்வளவு வீணானது என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்து மாவட்டக் கூடங்குளத்தின் ஒரு யூனிட்டோ உலையின் வெப்பத்தை வைத்து ஏறத்தாழ 11 மெகாஜூல் என்று பதிவாகும். அதே ஒரு யூனிட் சூட்டை விறகடுப்பில் தண்ணீருக்கு ஏற்றினால் கணக்கில் 30 மெகாஜூல். பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது இதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

பங்கு அதிகம் என்றால் ஏழை நாடு என்றும் முடிவுகட்ட முடியாது. எத்தியோப்பியாவில் இந்தப் பத்தி மிகப் பெரியது, காரணம் விறகடுப்பு. பின்லாந்திலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அங்கே காரணம் காகித ஆலைகள், மரக்கூழ் எடுத்தபின் மிஞ்சும் கரிய திரவத்தைக் கொதிகலனில் எரிக்கிறார்கள்.

'கழிவு' என்ற பாதிக்கு வந்தால் இந்தியாவில் அது இன்னும் சின்னதுதான். 1987-ல் டில்லி திமார்பூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்க ஓர் ஆலை கட்டினார்கள், வந்த குப்பை ஈரமும் மண்ணுமாக இருந்து சரியாக எரியாததால் சில வாரங்களிலேயே நின்றுபோனது. நாகர்கோவில் வலம்புரிவிளைக் கிடங்கில் குப்பை தீப்பிடித்து எரிந்தாலோ அது இந்தப் பத்தியில் வரவே வராது, ஏனென்றால் அந்தச் சூட்டை யாரும் பயன்படுத்தவில்லை.

எத்தனாலைப் பற்றி நிறையப் பேச்சு அடிபடுகிறது. 2022-23-ல் பெட்ரோலில் கலந்தது சுமார் 500 கோடி லிட்டர். லிட்டருக்கு 21 மெகாஜூல் என்று பெருக்கி வகுத்தால் 25 லட்சம் டன் எண்ணெய்தான் வரும், அந்த 18 கோடிக்குப் பக்கத்தில் இது ஒன்றரை சதவீதம்கூட இல்லை. கன்னியாகுமரி விவேகானந்தபுரத்தில் விவேகானந்த கேந்திரத்தின் நார்டெப் பிரிவு உருவாக்கிய 'சக்தி சுரபி' என்ற கலன், சமையலறைக் கழிவைப் போட்டு எரிவாயு எடுப்பது, எனக்கு அதைவிடச் சுவாரசியமானது. சாண எரிவாயு மாதிரியே அதிலும் ஒரு கன மீட்டர் வாயு சுமார் 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம், கேஸ் அடுப்பு மாதிரியே எரியும். விறகை விட்டுவிட்டு ஒரு வீடு முழுக்க இதற்கு மாறினால் அந்த வீடு பத்தியை விட்டு வெளியே போகாது, அது எரிப்பது இப்போதும் உயிரி எரிபொருள்தான், ஆனால் அந்த வீட்டின் எண் மட்டும் ஐந்தில் ஒன்றாகிவிடும்.