மெசூசா: நிலைக்காலா, நிலைச்சுருளா?

யூதர் வீட்டு வாசலின் வலப்புறத்தில் விரல் நீளத்தில் ஒரு சிறு கூடு பதித்திருக்கும். உள்ளே போகிறவர் அதைத் தொட்டு விரலை முத்தமிடுவார். அதன் பெயர் மெசூசா, பன்மையில் மெசூசோத். பார்த்ததும் தமிழில் ‘தாயத்து’ என்று எழுதத் தோன்றும். எழுதக்கூடாது.

எபிரேயத்தில் மெசூசாவின் முதற்பொருள் கதவின் நிலைக்கால். வேதாகமத்தின் யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தில் பஸ்கா பண்டிகை ஆட்டின் இரத்தத்தைத் தெளிக்கச் சொல்லும் இடத்தில் வருவது இந்தச் சொல்லே. தமிழ் வேதாகமம் அதை ‘நிலைக்கால்கள்’ என்கிறது. ‘நிற்பது’ என்று பொருள்படும், பண்டைய மெசப்பொத்தேமியாவின் மொழியான அக்காடியத்தின் சொல்லோடு இதை இணைத்துப் பார்க்கும் அறிஞர்கள் உண்டு. அது சரியென்றால் நில் என்ற வினையிலிருந்து வந்த நம் ‘நிலை’ இதற்கு எவ்வளவு நெருக்கம்!

கடவுளின் கட்டளை வார்த்தைகளை ‘வீட்டு நிலைகளிலும் வாசல்களிலும்’ எழுது என்பது உபாகமம் 6:9-இன் கட்டளை. யூதரைப் போலவே இந்த வேதத்தை ஏற்கும் சமாரியர் கல்லில் பொறித்தனர். யூதரோ தோலில் எழுதி நிலையில் பொருத்தினர். அத்தகைய தோல்கள் சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் கிடைத்திருக்கின்றன. நாளடைவில் நிலைக்காலின் பெயர் அதில் பொருத்திய தோலுக்கு ஆகி வந்தது. நம் இலக்கணப்படி இடவாகுபெயர்.

ஆகவே மெசூசா என்பது உள்ளிருக்கும் சுருள்தான். கூடு வெறும் உறை. வெள்ளிக் கூடு வாங்கி உள்ளே அச்சடித்த தாளை வைத்தால் அது மெசூசா ஆகாது. உண்ணத்தக்க விலங்கின் தோலைப் பதப்படுத்தி, கோடு கீறி, கறுப்பு மையால் எழுத்தர் கையால் எழுத வேண்டும். உபாகமம் 6:4–9, 11:13–21 ஆகிய இரு பகுதிகள். வழக்கமாக 22 வரிகள், 713 எழுத்துகள். எழுத்துகள் வரிசைப்படியே எழுதப்பட வேண்டும் என்பது கடுமையான விதி. ஓர் எழுத்து விடுபட்டதைப் பின்னால் கண்டால் அதை இடையில் செருக முடியாது, சுருளே தள்ளுபடி. முதல் சொல் வெளிப்பக்கம் வரும்படி இடமிருந்து வலமாகச் சுருட்டுவார்கள். தோலின் பின்புறத்தில் ஷதாய், அதாவது ‘சர்வவல்லவர்’, என்று எழுதியிருக்கும். கூட்டின் மேல் காணும் ‘ஷின்’ எழுத்து அந்தப் பெயரின் முதலெழுத்து.

பொருத்தும் இடம், நுழைபவரின் வலப்பக்க நிலைக்காலில் மேல் மூன்றிலொரு பங்கின் அடிப்பகுதி. 210 செ.மீ. உயர நிலையென்றால் தரையிலிருந்து 140 செ.மீ.க்குச் சற்று மேலே. ஆணியோ பசையோ போட்டு அசையாமல் நிறுத்த வேண்டும், தொங்கவிட்டால் செல்லாது. செங்குத்தாக வைக்க வேண்டும் என்றார் இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி, கிடையாக என்றார் அவர் பேரன் ரப்பேனு தாம். இருவர் சொல்லையும் தள்ளாமல் அஷ்கெனாசியர் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபு யூதர்) தலைப்பகுதி உள்நோக்கிச் சாயும்படி வைக்கிறார்கள். செஃபார்தியர் (ஸ்பானிய மரபு யூதர்) செங்குத்தாகவே வைப்பர். குளியலறைக்கும் கழிவறைக்கும் கிடையாது.

ஏழாண்டில் இருமுறை எடுத்துப் பார்ப்பது விதி. ஈரத்தில் மை பரவி எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும், வெயிலில் மை வெடித்து உதிரும். சுவருக்கு வண்ணம் பூசும்போது கழற்றாமல் விடுவதும் பல சுருள்களைக் கெடுக்கிறது.

இனிப் பெயர். தாயத்து உடம்பில் கட்டுவது, அணிந்தவரைக் காப்பது. மெசூசா கட்டளையை நினைவூட்டுவது. சுருளுக்குள் தேவதூதர் பெயர்களைச் சேர்த்து எழுதியவர்களை, கட்டளையைத் தாயத்தாக்கிவிட்டார்கள் என்று 12-ஆம் நூற்றாண்டிலேயே யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். அவர் மறுத்த பொருளையே நாம் பெயராக வைப்பது நியாயமில்லை. பழைய பொருளில் வரும் இடங்களில் ‘நிலைக்கால்’ போதும். பொருத்தும் பொருளுக்கு ‘நிலைச்சுருள்’ என்பதே என் பரிந்துரை: நிலையும் இருக்கிறது, சுருளும் இருக்கிறது. முதல்முறை எழுதும்போது ‘மெசூசா எனும் நிலைச்சுருள்’ என்று சேர்த்தெழுதலாம். கூட்டை மட்டும் குறிக்க நேர்ந்தால் ‘சுருளுறை’ என்க.