காட்டு மூலிகையா, குடுவை மூலிகையா: ஆன்டிஆக்ஸிடன்ட் எண்ணை நம்பும் முன்

காட்டில் பறித்த மூலிகைக்கே ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் அதிகம் என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் அது சரிதான். வெயில், புற ஊதாக் கதிர், வறட்சி, இலையைக் கடிக்கும் புழு எல்லாவற்றையும் தாக்குப்பிடிக்கத்தான் செடி ஃபீனால், ஃபிளேவனாய்டு என்னும் தற்காப்பு வேதிப்பொருள்களைச் சேர்த்து வைக்கிறது. ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் பெரும்பாலும் இவற்றால்தான். செடியின் சிறு துண்டை ஆய்வகத்தில் ஊட்டக் கலவையில் (ஊடகம்) வளர்ப்பதுதான் திசு வளர்ப்பு. அந்தக் குடுவைக்குள் இருக்கும் செடிக்கு அந்த நெருக்கடி இல்லை. 25 டிகிரி சூடு, 16 மணி நேர மென்வெளிச்சம், லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை கலந்த ஊடகம் என்று சொகுசாக வளர்கிறது. ஆனால் மெத்தில் ஜாஸ்மோனேட், கைட்டோசான் போன்ற தூண்டிகளைக் கொடுத்தால் அதுவும் தற்காப்புப் பொருள்களைச் சுரக்கும். ஷிகோனின் என்ற சிவப்பு நிறமியை ஜப்பானில் 1980களிலேயே செல் வளர்ப்பு மூலம் வணிக அளவில் எடுத்துவிட்டார்கள். ஆகவே இரண்டில் எது உயர்ந்தது என்பதை ஒவ்வொரு செடிக்கும் அளந்துதான் சொல்ல முடியும். சிக்கல் வருவதும் அந்த அளவீட்டில்தான்.

முதல் தவறு ஈர எடை. குடுவையில் உருவற்ற செல் திரளாக வளரும் காலஸ் திசுவில் 95 சதவீதம் தண்ணீர் என்று வையுங்கள். 1 கிராமில் உலர்பொருள் 50 மில்லிகிராம்தான். 75 சதவீதம் தண்ணீர் உள்ள காட்டு இலையில் அது 250 மில்லிகிராம். வேதிப்பொருளில் எந்த வேறுபாடும் இல்லாமலே காட்டுச் செடி ஐந்து மடங்கு உசத்தியாகத் தெரியும். இரண்டையும் நிழலில் அல்லது 40 டிகிரிக்கு மிகாமல், எடை குறைவது நிற்கும்வரை உலர்த்திய பிறகே நிறுக்க வேண்டும். இலையை இலையோடும் வேரை வேரோடும் ஒப்பிடுவதே நியாயம்.

அடுத்தது ஒட்டிக்கொண்டு வரும் ஊடகம். தண்டின் அடியில் ஊடகத்தைக் கெட்டியாக்கும் அகார் கூழின் துணுக்கு ஒன்று கண்ணாடி போல இருக்கும், எளிதில் கண்ணில் படாது. அதிலுள்ள சர்க்கரை 80 சதவீத மெத்தனாலில் கரைந்து சாற்றின் எடையைக் கூட்டும், வீரியத்தைக் குறைத்துக் காட்டும். வெட்டுவாய் பழுப்பாவதைத் தடுக்க ஊடகத்தில் அஸ்கார்பிக் அமிலம் சேர்த்திருந்தால் நேர் எதிராக, செடியில் இல்லாத திறனும் கணக்கில் ஏறும். காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை கழுவி, வடிதாளில் ஒற்றி எடுங்கள்.

டிபிபிஎச் என்பது ஆன்டிஆக்ஸிடன்ட் பட்டால் நிறம் வெளுக்கும் ஒரு வேதிப்பொருள். அதை வைத்துச் செய்யும் சோதனையில் டிபிபிஎச் 3.94 மில்லிகிராமை 100 மில்லி மெத்தனாலில் கரைத்தால் 0.1 மில்லிமோலார் கரைசல். நல்ல ஊதா நிறம். சாற்றைச் சேர்த்து இருட்டில் 30 நிமிடம் வைத்து, 517 நானோமீட்டரில் அளக்கிறோம். ஊதா வெளுத்து மஞ்சளாகும் அளவே திறன். இங்கே பலரும் விட்டுவிடுவது, சாற்றின் சொந்த நிறத்தைக் கழிக்கும் வெற்று அளவீடு. காட்டு இலைச் சாறு கரும்பச்சை, காலஸ் சாறு வெளிர்நிறம். டிபிபிஎச் இல்லாமல் வெறும் மெத்தனாலில் ஒவ்வொரு செறிவையும் தனியாக அளந்து கழிக்காவிட்டால், பச்சை நிறம் காட்டு இலையின் மதிப்பைக் குறைத்துவிடும், காலஸ் ஜெயித்ததாகத் தோன்றும். டிபிபிஎச்சில் பாதியை வெளுக்கச் செய்யத் தேவையான சாற்றின் செறிவுதான் ஐசி50. அந்த எண் குறையக் குறையத்தான் திறன் கூடுதல். இதைத் தலைகீழாகப் படிப்பவர்களும் உண்டு. குறைந்தது ஐந்து செறிவுகள் வேண்டும், அவற்றில் சில 50 சதவீத வெளுப்புக்குக் கீழேயும் சில மேலேயும் அமைய வேண்டும்.

மொத்த ஃபீனாலை அளக்கப் பயன்படுத்தும் ஃபோலின் சோதனையும் ஃபீனாலை மட்டும் அளப்பதில்லை. வைட்டமின் சி, சில சர்க்கரைகள், புரதங்கள் எல்லாம் அதில் நீலம் காட்டும்.

சோதனைக் குழாயில் வந்த எண்ணை மருந்துப் பலனாக விற்பது இன்னும் பெரிய தவறு. உணவுகளின் ஓஆர்ஏசி மதிப்புப் (சோதனைக் குழாயில் அளந்த ஆன்டிஆக்ஸிடன்ட் திறன்) பட்டியலை அமெரிக்க வேளாண் துறை 2012-ல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. அந்த எண்களுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்பது ஒரு முக்கியக் காரணம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குத் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்டைக் கொடுத்த ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் கூடியதாக 1994-ல் முடிவு வந்தது. பொட்டலத்தில் ஐசி50 மதிப்பு அச்சிட்டிருந்தால் எந்தக் கரைப்பானில் எடுத்த சாறு என்று கேளுங்கள். மெத்தனாலில் இறங்கும் பொருள்கள் பலவும் வீட்டில் வைக்கும் கஷாயத்தில் அதே அளவு இறங்குவதில்லை.