மழைநீர் சேகரிப்புச் சட்டம்: குழி இருக்கிறது, தண்ணீர் இறங்குகிறதா?

மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பது தமிழ்நாட்டில் வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சட்டம் என்ன கேட்கிறது, யாரிடம் கேட்கிறது என்று பேச்சு வந்தால், 'அது புதுசா வீடு கட்டுறவங்களுக்குத்தானே' என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். அப்படி இல்லை. பழைய வீடு, புது வீடு, அடுக்குமாடி, கடை, அரசு அலுவலகம் என எதற்கும் விலக்கு கிடையாது.

2003 ஜூலையில் தமிழக அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து நகராட்சிச் சட்டங்களைத் திருத்தியது. சென்னையில் அதற்கு முன்பே புதுக் கட்டடங்களுக்கு இந்த விதி இருந்தது. இந்தத் திருத்தம் அதை மாநிலம் முழுக்க, ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களுக்கும் நீட்டியது. ஆகஸ்ட் 31-க்குள் முடிக்க வேண்டும் என்றார்கள், பிறகு அக்டோபர் 10 வரை நீட்டித்தார்கள். அந்தச் சில மாதங்களில் கொத்தனாரும் பிளம்பரும் கிடைக்காமல் ஊரே அலைந்தது பலருக்கு நினைவிருக்கும்.

சட்டத்தின் வாசகம் சுருக்கமானது. கட்டடத்தின் உரிமையாளர் அல்லது அதில் குடியிருப்பவர் மழைநீர் சேகரிப்பு அமைப்பை ஏற்படுத்த வேண்டும். பலர் சேர்ந்து வைத்திருக்கும் கட்டடமானால் ஒவ்வொருவரும் பொறுப்பு. செய்யாவிட்டால் உள்ளாட்சியின் ஆணையர் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, தானே ஆள் வைத்துச் செய்து, அந்தச் செலவைச் சொத்து வரியைப் போலவே வசூலிக்கலாம். அதோடு, அமைப்பு வரும்வரை குடிநீர் இணைப்பைத் துண்டிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் 'ஒவ்வொருவரும் பொறுப்பு' என்ற வரியைக் கவனிக்க வேண்டும். 'அசோசியேஷன் பார்த்துக்கொள்ளும்', 'பில்டர் போட்டிருப்பார்' என்பதெல்லாம் சட்டத்தின் முன் பதில் ஆகாது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? சென்னையையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்து நகரம் மூழ்கியது. நான்கு ஆண்டுகூட ஆகவில்லை, 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர்.

உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடி மொட்டை மாடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர். ஆண்டு முழுக்க விழுவது ஏறத்தாழ 1,30,000 லிட்டர். ஆவியாவது, வழிவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் ஒரு லட்சத்துக்கு மேல் தேறும். 9,000 லிட்டர் லாரியில் 11 லாரித் தண்ணீர். கோடையில் அந்த 11 லாரிக்கு நாம் காசு கொடுக்கிறோம்.

சரி, விதி என்ன அமைப்பைக் கேட்கிறது? சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் எழுதிவைத்த அளவுகள்தான் மற்ற ஊர்களிலும் கொத்தனார்கள் கையில் புழங்குகின்றன. சிறிய வீடு என்றால் கட்டடத்தைச் சுற்றி இடைவெளி விட்டு, ஒன்றரை மீட்டர் ஆழத்தில் உறிஞ்சு குழி. உள்ளே கூழாங்கல், செங்கல் ஜல்லி அல்லது ஆற்று மணல், மேலே ஓட்டை போட்ட கான்கிரீட் மூடி. மொட்டை மாடித் தண்ணீர் குழாய் வழியாக வந்து, ஒரு சிறிய வடிகட்டித் தொட்டியைத் தாண்டி, சம்ப்புக்கோ கிணற்றுக்கோ போக வேண்டும். பெரிய கட்டடங்களுக்குச் சுற்றிலும் 1 மீட்டர் அகலத்துக்குக் கூழாங்கல் படுகை.

அப்புறம் அதே விதியில் பெரும்பாலோர் கண்ணில் படாத ஒன்று இருக்கிறது. கேட் வாசலில், குறுக்கே 7.5 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு குட்டிச் சுவர். மூன்று அங்குலம்தான், வண்டி ஏறி இறங்கிவிடும். ஆனால் வளாகத்துக்குள் விழுந்த மழை தெருவுக்கு ஓடாமல் அது நிறுத்துகிறது. எனக்கு இந்த விதியிலேயே மிகவும் பிடித்தது இதுதான். தெருவில் முழங்கால் அளவு நிற்கும் தண்ணீர் வானத்திலிருந்து நேராகத் தெருவில் விழுந்தது மட்டும் அல்ல. இரண்டு பக்க வீடுகளும் கேட் வழியாக வெளியே தள்ளிய தண்ணீர் அதில் சேர்ந்திருக்கிறது. வாசல் முழுக்க டைல்ஸ் ஒட்டி, தெருவைப் பார்த்துச் சரிவு வைத்துக் கட்டும் பழக்கம் வந்த பிறகு இந்தச் சுவர் காணாமல் போய்விட்டது. குட்டிச் சுவர் இடிக்கும் என்று தோன்றினால், கேட்டுக்கு உட்பக்கம் குறுக்காக ஒரு கால்வாய் வெட்டி, இரும்புக் கிராதி போட்டு, அந்தத் தண்ணீரைக் குழிக்குத் திருப்பலாம். பலன் ஒன்றே.

இனி மண். விதிப்படி குழி வெட்டியும் தண்ணீர் இறங்காததற்குப் பெரிய காரணம் இது. சென்னைக்குள்ளேயே மண் மூன்று விதம். திருவான்மியூர், சாந்தோம் போன்ற கடலோரப் பகுதிகளில் மணல்; ஒன்றரை மீட்டர் குழியே போதும், தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், விருகம்பாக்கம் பக்கம் களிமண். அங்கே அதே குழி வெறும் தொட்டியாக நிற்கும், கொசு வளரும். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் பாறை. களிமண்ணுக்கு விதியிலேயே வழி இருக்கிறது: மணல் அடுக்கு வரும்வரை களிமண்ணை எடுக்க வேண்டும். முடியாவிட்டால் குழிக்குள் 30 சென்டிமீட்டர் விட்டத்தில் துளையிட்டு, மணல் அடுக்கில் இறங்கும் வரை கொண்டுபோய், மணலால் நிரப்ப வேண்டும். இந்த ஒரு வரியைப் படிக்காமல், எல்லா வீட்டிலும் ஒரே அளவுக் குழியை வெட்டிப் படம் எடுத்து ஒப்படைத்த வேலைகள்தான் இன்று அடைத்துக் கிடக்கின்றன.

வீட்டில் பழைய கிணறு இருந்தால் அதைவிட நல்ல அமைப்பு வேறு இல்லை. வற்றிய கிணறு என்று மூடாதீர்கள், குப்பைக்குழி ஆக்காதீர்கள். மாடித் தண்ணீரை வடிகட்டி அதில் விடுங்கள். கிணறு இல்லாதவர்கள் சிமெண்ட் உறை இறக்கி, மூன்றடி விட்டத்தில் 15 அடிக்கு உறைக்கிணறு போடலாம். உள்ளே ஜல்லி நிரப்ப வேண்டாம், காலியாக இருந்தால்தான் ஆள் இறங்கித் தூர் வார முடியும். மணற்பாங்கான கடலோரத்தில் இதற்கு இன்னொரு பயன்: நல்ல தண்ணீர் மேலே சேரச் சேர, உப்புநீர் உள்ளே ஏறுவது தடுக்கப்படும். இதையெல்லாம் நேரில் பார்க்க வேண்டுமானால் மந்தைவெளியில் ஆகாஷ் கங்கா அறக்கட்டளை 2002-ல் தொடங்கிய மழை இல்லம் இருக்கிறது. அதன் பின்னால் இருக்கும் சேகர் ராகவன், சட்டம் வருவதற்கு முன்பே பெசன்ட் நகர்ப் பக்கம் வீடு வீடாகப் போய் இதைச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

செய்யக் கூடாதவை சில உண்டு. மாடித் தண்ணீரை வடிகட்டாமல் நேரே போர்க்குழாய்க்குள் விடக் கூடாது. குளியலறைத் தண்ணீர், செப்டிக் டேங்க் வழிவு, தெருச் சாக்கடை எதுவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. பருவத்தின் முதல் மழை மாடியில் இருக்கும் தூசி, பறவை எச்சத்தை எல்லாம் அடித்துக்கொண்டு வரும். அதை வெளியே விட ஒரு வால்வு வையுங்கள்.

சட்டம் வந்து பலன் இருந்ததா என்றால், இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னையில் நிலத்தடி நீர் மட்டம் ஏறியது. 2005-ல் அடித்துப் பெய்த மழைக்கும் அதில் பங்கு உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் சட்டம் குழி இருக்கிறதா என்று பார்த்ததே தவிர, ஆண்டுதோறும் அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஆள் வைக்கவில்லை. இதன் பெரிய ஓட்டை இதுதான்.

கேட்டுக்கு வெளியே இருப்பது அரசின் பொறுப்பு. மாநகராட்சி இப்போது பூங்காக்களில் தாழ்வாகக் குளம் வெட்டி, சுற்றியுள்ள மழைநீரை அதில் இறக்குகிறது. 'ஸ்பாஞ்ச் பூங்கா' என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். மத்திய அரசு நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வசதிக்காக 2021 அக்டோபரில் தொடங்கிய அம்ருத் 2.0 திட்டத்தில் நீர்நிலைகளைச் சீரமைக்கவும் பணம் ஒதுக்கப்பட்டது. மேல்மட்ட நிலத்தடி நீரை மீட்கும் சோதனைக்கு அதில் தேர்ந்தெடுத்த 10 நகரங்களில் சென்னையும் ஒன்று. பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தென்சென்னையின் வெள்ளத்தைக் காலங்காலமாக வாங்கிவைத்துக்கொண்ட இடம் அது. குப்பையும் கட்டடமும் தின்றது போக மிச்சம் இருப்பதுதான் இன்று நாம் பார்ப்பது. உங்கள் வார்டுக் கூட்டத்தில் தெருவில் சிமெண்ட் போடும் பேச்சு வந்தால், மரத்தடியில் மண் விடச் சொல்லுங்கள். பூங்காவில் குளம் கேளுங்கள். கோயில் குளத்துக்கு வரும் வரத்துக்கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று கேளுங்கள்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியதற்கு நல்ல மாதம் செப்டம்பர். மாடியில் குழாய் வாயில் சிக்கிய வேப்பிலை, பிளாஸ்டிக்கை எடுத்துவிடுங்கள். வடிகட்டித் தொட்டியில் இருக்கும் ஜல்லியை அள்ளி, கழுவி, காயவைத்துத் திரும்பப் போடுங்கள். குழி மூடியின் மேல் யாராவது டைல்ஸ் ஒட்டியிருந்தால் அதைப் பெயர்த்தாக வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் உரிமையாளரிடம் இதை எழுத்தில் கேட்கலாம். குடியிருப்பவருக்கும் பொறுப்பு உண்டு என்று சட்டமே சொல்லும்போது கேட்பதில் தயக்கம் வேண்டாம். கடைசியாக மாடியில் ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டு, ஒருவர் கீழே குழிப் பக்கம் நின்று பார்க்கட்டும். தண்ணீர் சத்தம் குழாயில் கேட்கிறதா, குழியில் வந்து விழுகிறதா, விழுந்தது அரை மணி நேரத்தில் இறங்குகிறதா? தேங்கி நின்றால் ஜல்லியில் வண்டல் அடைத்திருக்கலாம்; மேலே ஓரடி ஜல்லியையும் மணலையும் மாற்றிவிட்டு இன்னொரு முறை திறந்து பாருங்கள்.