பாண்டி வண்டி, டெல்லி வண்டி: விலையைப் பார்த்து ஏமாறுவதற்கு முன்

"பாண்டியில் இதே வண்டி ரெண்டு லட்சம் கம்மி", "டெல்லியில் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்" என்று யாராவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை, விலை குறைவுதான். ஆனால் எவ்வளவு மிச்சம் என்பது வண்டிக்கு டி.என். நம்பர் விழுந்து, உங்கள் பெயரில் ஆர்.சி. (பதிவுச் சான்று) கைக்கு வருகிற அன்றுதான் தெரியும். சிலருக்கு அந்த நாள் வருவதே இல்லை. வண்டி வாசலில் நிற்கும். ஆர்.சி. எங்கோ ஒருவர் பெயரில் இருக்கும். விற்றுக் கொடுத்த புரோக்கர் போனை எடுக்கமாட்டார். இப்படி மாட்டிக்கொண்டு நிற்பவர்கள் பெரும்பாலும் கடன் வாங்கி முதல் கார் வாங்கியவர்கள். பணக்காரர்களுக்கு ஆள் இருக்கிறது.

இது வேறு மாநிலத்தில் பதிவான காரைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவருவது பற்றி மட்டும். வெளிநாட்டிலிருந்து கப்பலில் இறக்குவதைத் தொடவில்லை.

சட்டம் சுருக்கமானது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி, வண்டியின் சொந்தக்காரர் எங்கே குடியிருக்கிறாரோ, அல்லது எங்கே தொழில் வைத்து வண்டியை வழக்கமாக நிறுத்துகிறாரோ, அங்கேதான் பதிவு செய்ய வேண்டும். எங்கே வாங்கினீர்கள் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. வண்டி ராத்திரி எந்த ஊரில் நிற்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. வரியும் அந்த ஊருக்குத்தான். மற்ற எல்லாச் சிக்கலும் இந்த ஒரு வரியிலிருந்து கிளம்புகிறது.

ஜி.எஸ்.டி. வந்த பிறகு புதுக் காரின் ஷோரூம் விலை மாநிலத்துக்கு மாநிலம் பெரிதாக மாறுவதில்லை. பாண்டியில் குறைவு என்றால் அது சாலை வரி குறைவு, அவ்வளவுதான். தமிழ்நாடு 2023 நவம்பரில் வரியை ஏற்றியது. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். பாண்டி வரியோடு ஒப்பிட்டால் கண்ணைக் கட்டும். ஆனால் நீங்கள் குடியிருப்பது விழுப்புரத்திலோ சென்னையிலோ என்றால், பாண்டி ஷோரூமில் வாங்கினாலும் தற்காலிகப் பதிவோடு இங்கே ஓட்டி வந்து இந்த ஊர் வரியைத்தான் கட்ட வேண்டும். மிச்சம் பூஜ்யம்.

அப்படியென்றால் சாலை முழுக்க பி.ஒய். (பாண்டிப் பதிவு) வண்டிகள் ஓடுகின்றனவே? உண்மையாகவே அங்கே குடியிருப்பவர்களை விட்டால், நிறைய பேர் ஒரு வாடகை ஒப்பந்தத்தைத் தயார் செய்து அந்த முகவரியில் பதிவு செய்தவர்கள். ஷோரூமில் இருப்பவரே "அட்ரஸ் நாங்க பாத்துக்கிறோம் சார்" என்பார். வேண்டாம். பொய்யான ஆவணத்தில் வாங்கிய பதிவை ரத்து செய்யச் சட்டத்தின் 55-ஆவது பிரிவில் நேரடியாக இடமிருக்கிறது. 2017-இல் கேரளத்தில் திரை நட்சத்திரங்கள் சிலர் மீதே பாண்டி முகவரி விவகாரத்தில் வழக்குப் பதிவானது. அவர்கள் வக்கீல் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். உங்களுக்கு ஷோரூம்காரர் வக்கீல் வைக்கமாட்டார். ஒப்பந்தத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து.

"ஒரு வருஷம் ஓட்டலாம்" என்ற பேச்சு

இதைச் சொல்லாத புரோக்கர் இல்லை. பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. வேறு மாநிலத்தில் பதிவான வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் இருந்தால் புது நம்பருக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று 47-ஆவது பிரிவு சொல்கிறது. வேலை மாற்றலாகித் தன் சொந்தக் காரோடு பெங்களூரிலிருந்து கோயம்புத்தூர் வருகிறவருக்கு இது பொருந்தும்.

நீங்கள் பழைய வண்டியை விலைக்கு வாங்கியவர் என்றால் கதை வேறு. 50-ஆவது பிரிவின்படி, வாங்கியவர் 30 நாளுக்குள், தான் வண்டியை வழக்கமாக வைத்திருக்கும் இடத்தின் ஆர்.டி.ஓ.வுக்குப் பெயர் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். வெளி மாநிலத்துக்கு விற்றவர் 45 நாளுக்குள் என்.ஓ.சி. (பழைய ஆர்.டி.ஓ. தரும் ஆட்சேபணையின்மைச் சான்று) உட்பட தன் பங்குக் காகிதங்களை அனுப்ப வேண்டும். ஆக, 12 மாதம் என்பது உங்களுக்கான சலுகையே இல்லை. சாலையில் நிறுத்தும்போது "போன மாசம்தான் சார் வந்தது" என்று சொன்னால், டோல் ரசீது காட்டு, ஃபாஸ்டேக் கணக்கு காட்டு என்று கேட்பார்கள். ஆர்.சி.யில் இருக்கும் பெயரும் உங்கள் பெயரும் வேறாக இருக்கையில் எந்த ரசீதும் உதவாது.

மாநிலம் மாறினாலும் மாற்ற வேண்டாத பி.எச். (பாரத் வரிசை) நம்பர் எடுத்துத் தருகிறேன் என்பவர்களையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 செப்டம்பரில் வந்த அந்த வரிசை அரசு ஊழியர்களுக்கும், ராணுவத்தினருக்கும், பொதுத்துறை ஊழியர்களுக்கும், 4 அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும்தான். மளிகைக் கடைக்காரருக்குக் கிடையாது.

என்.ஓ.சி. என்ற சுவர்

அலைச்சலில் முக்கால்வாசி இங்கேதான். பழைய ஆர்.டி.ஓ. "இந்த வண்டி போகலாம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று தருகிற சான்று இது. படிவம் 28-இல் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் விண்ணப்பிக்க வேண்டும். திருட்டு வழக்கு இல்லை என்று காவல்துறை அறிக்கை, அரசுக்கு வரி பாக்கி இல்லை என்ற சரிபார்ப்பு இரண்டும் முடிந்தால்தான் கிடைக்கும்.

சட்டம் இதற்கு 30 நாள் கெடு வைத்திருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 30 நாளில் பதிலே இல்லையென்றால் கொடுத்ததாகவே கருத வேண்டும் என்றும் 48-ஆவது பிரிவு சொல்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில், அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகன் தளத்தில் என்.ஓ.சி. ஏறாதவரை இங்கே உள்ள அலுவலகத்தில் உங்கள் விண்ணப்பத்தைத் திறக்கக்கூட முடியாது. சட்டம் "கருதலாம்" என்று சொன்னதைக் கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு என்.ஓ.சி.க்குக் காத்திருக்காதீர்கள். என்.ஓ.சி. வந்த பிறகு மீதிப் பணம் என்று எழுதி வாங்குங்கள். விற்பவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் ஏதோ இருக்கிறது என்று பொருள்.

அந்த ஏதோ பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

கடன். வங்கிக் கடன் அடைந்திருக்கும், ஆனால் ஆர்.சி.யில் ஹைப்பாதிகேஷன் (வண்டி வங்கியிடம் அடமானம் என்ற குறிப்பு) அப்படியே நிற்கும். வங்கி கையெழுத்திட்ட படிவம் 35 இல்லாமல் அது நீங்காது. வங்கி தரும் கடிதத்துக்கு பெரும்பாலும் 3 மாதம்தான் ஆயுள். பழைய கடிதத்தை லேமினேட் செய்து வைத்திருப்பார்கள், பயனில்லை. கடன் கொடுத்த நிதி நிறுவனம் மூடப்பட்டோ கைமாறியோ இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். வேறு வண்டி கிடைக்கும்.

அபராதம். இ-சலான் பாக்கி இருந்தால் என்.ஓ.சி. நகராது. பெரிய நகரத்து வண்டிகளில் கேமரா பிடித்த சலான்கள் வரிசையாக இருக்கும். வண்டி நம்பரைப் போட்டு நீங்களே பார்க்கலாம். சில சலான்கள் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். அவற்றை இணையத்தில் பணம் கட்டி உடனே தீர்க்க முடியாமல் போகலாம். முன்பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள்.

ஊர் பெயர். என்.ஓ.சி.யில் எந்த ஆர்.டி.ஓ.வுக்குப் போகிறது என்று எழுத வேண்டும். புரோக்கர் தனக்குத் தெரிந்த அலுவலகத்தைப் போட்டுவிடுவார். உங்கள் ஆதாரில் வேறு ஊர் இருக்கும். இங்கே கவுன்டரில் "இது எங்களுக்கு வந்த என்.ஓ.சி. இல்லை" என்பார்கள். திருத்தம் வேண்டுமென்றால் கொடுத்த அலுவலகத்துக்கே போக வேண்டும். அது டெல்லியில் இருக்கிறது. விண்ணப்பம் போடும்போதே உங்கள் ஆர்.டி.ஓ.வின் சரியான எண்ணை எழுத்தில் அனுப்பிவையுங்கள். போனில் சொன்னால் மாறிவிடும்.

கைமாறிய சங்கிலி. ஆர்.சி.யில் உள்ளவர் ஒருவர், விற்பவர் இன்னொருவர், நடுவில் இருவர் பெயர் மாற்றாமலே வாங்கி விற்றிருப்பார்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-உம் 30-உம் கையெழுத்துப் போட்டு, மற்றதெல்லாம் காலியாக உங்களிடம் தருவார்கள். ஆர்.சி.காரரின் ஆதார் எண்ணோடு இணைந்த போனுக்கு ஓ.டி.பி. போகும்போது அவர் யாரென்றே தெரியாமல் நிற்பீர்கள். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் அங்கீகாரம் பெற்று, தங்களிடம் வந்த வண்டியை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அங்கீகாரச் சான்றைக் கேளுங்கள். முகம் மாறினால் கிளம்பிவிடுங்கள்.

வரிக் கணக்கு

நீங்கள் 4 லட்சத்துக்கு வாங்கினீர்கள், அதனால் 4 லட்சத்துக்கு வரி என்று நினைத்துவிடாதீர்கள். வண்டி புதிதாக விற்றபோது என்ன விலையோ, அதிலிருந்துதான் இங்கே கணக்கு தொடங்கும். வயதுக்கு ஏற்ப சதவீதம் குறையும். ஆனால் 16 லட்சத்துக்கு விற்ற காரைப் பேரம் பேசி 4 லட்சத்துக்கு வாங்கியது உங்கள் சாமர்த்தியம், அரசுக்கு அதில் அக்கறை இல்லை. இதனால்தான் பழைய சொகுசு கார்களின் விலை அவ்வளவு குறைவு. முதல் இன்வாய்ஸ் நகலைக் கேட்பார்கள், விற்பவரிடம் அப்போதே வாங்கி வையுங்கள். வண்டியைப் பார்க்கப் போகும் முன், உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாடல், பதிவுத் தேதி, இன்வாய்ஸ் விலை மூன்றையும் சொல்லி வரி எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். "வண்டியைக் கொண்டு வாங்க, பாக்கலாம்" என்பார்கள். விடாமல் கேளுங்கள். வண்டியைக் கொண்டுபோன பிறகு கேட்டு என்ன பயன்?

பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மீதி காலத்துக்கான தொகை திரும்ப வரும் என்பது புரோக்கர்களின் அடுத்த வசனம். பொதுவாக, இங்கே வரி கட்டி, புது நம்பர் வாங்கி, அந்த ஆர்.சி.யைக் காட்டிய பிறகுதான் அங்கே கேட்கவே முடியும். யார் பெயரில், எந்தக் கணக்குக்கு வரும் என்பது அடுத்த இழுபறி. வந்தால் சந்தோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை பேசும்போது அந்தத் தொகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

டெல்லி வண்டி ஏன் மலிவு

10 வருடம் தாண்டிய டீசல் வண்டியும் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதன் பிறகும் நீதிமன்றத்தில் இதன் கடுமை கூடிக் குறைந்துகொண்டிருக்கிறது. அங்கே 9 வருட டீசல் காரை வைத்திருப்பவர் கிடைத்த விலைக்கு விற்கப் பார்ப்பார். வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் கெடு தாண்டி அங்கே பதிவு ரத்தாகிவிட்ட வண்டியா என்று முதலில் பாருங்கள். ரத்தான வண்டியை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். சி.என்.ஜி. கிட் போட்டு ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். புது டி.என். நம்பர் விழுவதால் வண்டிக்கு வயது குறையாது. முதல் பதிவிலிருந்து 15 வருடம்தான். அப்புறம் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், கட்டணமும் 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு.

இங்கே வந்ததும் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) வண்டியை நேரில் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பரை, மேலே தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து பிரிண்ட் எடுக்க வேண்டும். துருப்பிடித்து ஒரு எழுத்து தெரியாமல் போனால் பெரிய தலைவலி. வாங்கும்போதே மெக்கானிக்கை வைத்து அந்த எண்ணைத் துடைத்து, படம் எடுத்து, ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் நம்பரையும்தான்.

பெயர் மாறும் முன் விபத்து நடந்தால்

விற்றவர்களும் இதைப் படிக்க வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கில் வண்டி பலமுறை கைமாறியிருந்தது. ஆனாலும் ஆர்.சி.யில் பெயர் இருந்தவர் தப்பவில்லை. அதனால் "டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்கிட்டேன்" என்று நிம்மதியாக இருக்காதீர்கள்.

வாங்கியவருக்கும் இழப்பு உண்டு. இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாமல் விட்டு உங்கள் வண்டி நொறுங்கினால், அந்தச் சேதத்துக்குப் பணம் கேட்க உங்களுக்கு பாலிசியே இல்லை என்பார்கள். நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) பழைய உரிமையாளருடையது, வண்டியோடு வராது. அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள், கட்டிவிடுங்கள்.

அலுவலகத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் விண்ணப்ப எண்ணையும் ரசீதையும் வாங்கிக்கொள்ளுங்கள். "அது இல்லை, இது இல்லை" என்று வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால், என்ன குறை என்பதைத் தளத்திலோ தாளிலோ பதியச் சொல்லுங்கள். பெரும்பாலும் பாதிக் குறைகள் அங்கேயே காணாமல் போய்விடும். மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் செலவில் என் விண்ணப்பம் எந்த மேசையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று கேளுங்கள்.

புது நம்பர் கிடைத்ததும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் மாற்றி, இன்சூரன்ஸிலும் புகைச் சான்றிலும் நம்பரைத் திருத்துங்கள். பழைய உரிமையாளரின் ஃபாஸ்டேக்கை அவரையே மூடச் சொல்லிவிட்டு உங்கள் பெயரில் புதிது ஒட்டுங்கள். இல்லையென்றால் சுங்கச்சாவடியில் கூடுதலாகக் கட்ட நேரிடும்.